சொன்னதைச் செய்தவர்

அவரிடம் எதையும் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். சொல்லிவிட்டால் செய்துவிடுவார்.

ஒருநாள் காலையில், அவர் படிப்பித்த கணினி நிலையத்தின் சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். "இதில கொஞ்சம் நில்லுங்க சேர், எடுத்துட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வீட்டில் அக்காவுக்குக் காய்ச்சல். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, நெற்றியில் பத்துப் போட்டு, திரும்பி வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அவர் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றார். கொஞ்சம் தள்ளி வேம்பின் நிழல் விழுந்து கிடந்தது. அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நிழலுக்குப் போயிருக்கலாமே சேர்."

"நீங்க இதில எண்டுதானே சொன்னீங்க."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கோபமும் இல்லை. கதவைத் திறந்ததும் உள்ளே போய்க் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்களைக் கொண்டுபோய் இருத்திய குடியிருப்பு அது. ஆரையம்பதிக்கு அப்பால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றோரமாக. வாவி என்று புத்தகத்தில் போடுவார்கள். எங்களுக்கு அது ஆறுதான். முதலில் தகரக் கொட்டில்கள் வந்தன. கல்வீடுகள் வெகு காலத்துக்குப் பிறகு வந்தன. இரண்டுக்கும் நடுவில் கணினி நிலையம் வந்தது. எந்த நாட்டுக்காரரோ கட்டித் தந்தார்கள். எங்கள் கக்கூசுகளுக்குக் கதவு வருமுன்னே எங்கள் பிள்ளைகளுக்குக் கணினி வந்துவிட்டது. வாகனத்தில் வந்து ரிப்பன் வெட்டி, பிள்ளைகளை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை. வரும், வரும் என்று இரண்டு வருடம் சொன்னார்கள். அதுவரை அந்தப் பெட்டிகள் பிளாஸ்டிக் உறை போட்டு மேசையில் இருந்தன. சரஸ்வதி பூசைக்கு உறையை நீக்கிச் சந்தனப் பொட்டு வைப்போம். பிறகு திரும்ப மூடிவிடுவோம்.

நான் பதினோராம் வகுப்பு, ஓ.எல். வரை படித்தவள். நிலையத்தைக் கூட்டுவதும், உறைகளைத் தூசி தட்டுவதும், தேத்தண்ணி போடுவதும் என் வேலை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். அதிகம் பார்த்தது அவரைத்தான்.

அவர் கல்குடாப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு. எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கும். படிப்பிக்கத் தொடங்குங்கள் என்று கட்டித் தந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கரண்ட் இல்லாமல் எப்படி என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். அவர் தொடங்கிவிட்டார்.

முதல் நாள் கரும்பலகையில் 'மீள்செயல்' என்று எழுதினார். பிள்ளைகள் அதை லூப் என்றார்கள். அக்காவின் மகன் சுதன் முன்வாங்கில் இருந்தான். அவனுக்கு வாய் அதிகம்.

"கம்பியூட்டர் போடாம எப்பிடி சேர் படிக்கிற?"

"நான்தான் கம்பியூட்டர்."

"அப்ப சுவிச் எங்க சேர்?"

அவர் தன் கழுத்துப் பொத்தானைக் காட்டினார். வகுப்பு சிரித்து அடங்க நேரமெடுத்தது. சுதன் எழும்பிப் போய் அந்தப் பொத்தானை அமுக்கினான். அவர் நிமிர்ந்து நின்றார். கண்கள் எதையும் பார்க்கவில்லை.

"நான் ஒண்டும் தெரியாதவன். சொன்னா செய்வன். சொல்லாததைச் செய்யமாட்டன். என்னைக் கதவடிக்குக் கொண்டு போங்க."

"நடங்க சேர்" என்றது ஒரு குரல். நடந்தார். கதவைத் தாண்டிச் சுவரில் மூக்கு இடித்தது. அப்போதும் கால்கள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன.

"நிப்பாட்டுங்க சேர்."

நின்றார். "எதுவரைக்கும் எண்டு நீங்க சொல்லல்ல."

"அஞ்சு அடி நடங்க."

"எனக்கு ஒரு அடி வைக்கத்தான் தெரியும். அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லவேணும். எப்ப நிக்கிற எண்டும் சொல்லவேணும்."

பிள்ளைகள் கூடிக் குசுகுசுத்தார்கள். பிறகு சுதன் சொன்னான்: "சேர், ஒரு விரலைப் பிடிங்க. விரல் அஞ்சாகும் வரைக்கும் அடி வைங்க."

அவர் ஒரு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுபடியும் சுவர். விரல் ஒன்றாகவே நின்றது. கால்கள் நடந்தன. பின்வாங்கில் இருந்த ஒரு பெட்டைதான் கண்டுபிடித்தாள்.

"சேர் விரலைக் கூட்டல்ல."

"கூட்டச் சொல்லல்லயே."

ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரலைக் கூட்டச் சொன்னார்கள். இந்தத் தடவை கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டார். ஏன் ஒரு அடி குறைந்தது என்று ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை பிடித்தார்கள். சுதன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நடக்க முன்னமே ஒரு விரல் நிண்டதே. கையைப் பொத்திக்கொண்டு தொடங்கவேணும்" என்றான். அவர் கையைப் பொத்திக்கொண்டு திரும்ப நடந்தார். சரியாகக் கதவடியில் வந்து நின்றார்.

கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில் நின்ற எனக்கும் விளங்கியது. கணினி என்றால் பெரிய மூளை என்று அதுவரை நினைத்திருந்தேன். சொன்னதைத் தவிர வேறொன்றும் தெரியாத சாமான் என்று அன்றுதான் அறிந்தேன்.

அந்த வகுப்பைப் போல வகுப்பு எங்கள் பக்கத்தில் இருந்ததில்லை. வளர்ந்த ஒரு மனிதரைப் பிள்ளைகள் ஆட்டிவைக்கிறார்கள், அவர் முகம் சுளிக்காமல் ஆடுகிறார். கொட்டிலில் அழுதுகொண்டு இருந்த பிள்ளைகள் அங்கே வந்துதான் சிரிக்கப் பழகினார்கள். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஒருநாள் சுதன் ஒரு கட்டளை எழுதினான். 'சுதன் திரும்பி வரும் வரைக்கும் கட்டடத்தைச் சுற்றவும்.' எழுதிக் கொடுத்துவிட்டு ஆற்றில் குளிக்கப் போய்விட்டான். பிள்ளைகள் கொஞ்ச நேரம் கைதட்டினார்கள். பிறகு அலுத்துப்போய் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நான் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர்தான்.

"சேர், பொடியன் போயிட்டான். நில்லுங்க."

"அவன் வரும் வரைக்கும் எண்டு எழுதியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூலையில் திரும்பிப் போனார்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் சுதனை ஈரத் தலையோடு காதில் பிடித்து இழுத்து வந்தாள். அவனைக் கண்டதும் அவர் நின்றார். மூச்சு வாங்கியது.

"சேர், இது குரங்கு. இது ஆட்டினா நீங்களும் ஆடுறதா?" என்றாள் அக்கா.

"பிழை இல்ல. நிப்பாட்டுறதுக்கு ஒரு வழி வச்சுத்தான் எழுதியிருக்கான். நல்லா எழுதியிருக்கான்" என்றார் அவர்.

வரும் வழியில் அக்கா என்னிடம் சொன்னாள்: "இந்த மனிசனில ஏதோ ஒண்டு குறையுது புள்ள." அவளுக்குச் சிரிப்புத்தான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் வகுப்புக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஒருமுறை நானும் அவரும் ஒரே பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போனோம். பாலத்தடிச் சோதனையில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். சிப்பாய் கடந்து போனதும் எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். அவர் இறக்கவில்லை. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் அட்டை மேலே நின்றது. அந்தச் சிப்பாய் யன்னலால் கண்டுவிட்டு வந்து, அவர் கன்னத்தில் தட்டி, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். எனக்கு உடம்பு கூசியது. அவருக்குக் கூசியதாகத் தெரியவில்லை. பிள்ளை சொன்னாலும் சிப்பாய் சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான்.

கடல் வந்த நாளைப் பற்றி எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. அத்தானும் சின்னவளும் போனார்கள், சுதன் மட்டும் மிஞ்சினான். அந்தக் கதையை அவள் சொல்லும்போது கடலைத் திட்டுவாள், கடவுளைத் திட்டுவாள், அன்று கடற்கரைக்கு மீன் வாங்கப் போன அத்தானையும் திட்டுவாள். எல்லோருடைய கதையிலும் திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கும்.

அவருடைய கதையை நான் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொன்னார். கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சத்தம் கேட்டது. அவ, 'நீங்க இதில நில்லுங்க, நான் பிள்ளையைத் தூக்கிட்டு வாறன்' எண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போனா. நிண்டன். தண்ணி வந்து என்னைத் தூக்கித் தென்னையில போட்டுட்டு."

அவ்வளவுதான். நீங்களும் உள்ளே ஓடியிருக்கலாமே என்று எனக்கு வாய்வரை வந்தது. ஓடியிருந்தால் மூன்று பேரும் போயிருப்பார்கள், அதுவும் தெரியும். நான் கூட்டின அறையையே திரும்பக் கூட்டினேன்.

அதற்குப் பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டு, சனங்கள் ஆற்றைக் கடந்து எங்கள் பக்கம் வந்து, பள்ளிக்கூடங்கள் எல்லாம் அகதி முகாம் ஆகின. சண்டை ஓய்ந்தபோது எங்கள் பக்கத்தில் ஓர் ஆயுதக் குழு பகலிலேயே உலாவத் தொடங்கியிருந்தது. பெயர் வேண்டாம். எந்தப் பெயரில் வந்தாலும் எங்களுக்கு அவர்கள் பொடியன் பிடிக்கிற ஆட்கள்தான். வளர்ந்த பொடியன் உள்ள தாய்மார் பின்னேரங்களில் பிள்ளையை வேலிக்கு வெளியே விடமாட்டார்கள். சுதனுக்கு அப்போது பதினாறு.

அந்தக் கிழமைதான் நிலையத்துக்குக் கரண்ட் வந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். அவரை வெளியே கூப்பிட்டார்கள். நான் பின்பக்கம் இருந்தேன், கதைத்தது கேட்கவில்லை. வகுப்பு கலைந்த பிறகு கேட்டேன்.

"ஆர் சேர் அவங்க?"

"தெரியா."

"என்ன சொன்னவங்க?"

"பெரிய பொடியன்களை எல்லாம் நாளைக்குக் காலமை இஞ்ச வரச் சொல்லட்டாம்."

"எதுக்காம்?"

"அது சொல்லல்ல."

"நீங்க கேக்கல்லயா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் தெரியாத மொழியில் ஏதோ கேட்டுவிட்டதைப் போல.

"பொடியனுகளுக்குச் சொல்லிப்போடாதீங்க சேர்."

"சொல்லிட்டன்."

"அப்ப வீடு வீடாப் போய் வரவேணாம் எண்டு சொல்லுங்க."

"முதல்ல சொன்னது அவங்க" என்றார். சோக்குக் கட்டியை அதன் பெட்டிக்குள் வைத்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் வீடு வீடாகப் போனேன். வாசல்களில் நின்று வாய் திக்கத் திக்கச் சொன்னேன். பெரும்பாலான தாய்மாருக்கு அரைவாசி சொல்லும்போதே விளங்கிவிட்டது. அக்கா சுதனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நாளைக்கு அந்தப் பக்கம் போனியோ, காலைத் தறிச்சுப்போடுவன்."

"அம்மா, கரண்ட் வந்துட்டு. நாளைக்குச் சேர் கம்பியூட்டர் போடுவார்."

"போட்டா திங்கக்கிழமையும் போட்டுத்தானே கிடக்கும்."

"ரெண்டு வருசமா அவரையே கம்பியூட்டர் எண்டு அமுக்கிட்டு இருக்கிறம். ஒருக்கா உண்மையானதைப் பாக்கட்டுமே. சின்னம்மா, நீங்களாவது சொல்லுங்க."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். மறுநாள் விடிந்ததும் அக்கா ஆற்றங்கரைக்கு இறால் வாங்கப் போன நேரம் பார்த்து வேலியால் ஏறிக் குதித்துவிட்டான்.

வருகிற பொடியன்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதென்று நான் நேரத்தோடு நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்பே பூட்டை உடைத்திருந்தார்கள். வேன் ஒன்று வேம்பின் கீழ் நின்றது. வந்தவர்கள் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு, இன்னும் பொடியன்கள் வரட்டும் என்று காத்திருந்தார்கள். உள்ளே நாலைந்து பேர்தான். சுதன் முதல் கணினிக்கு முன்னால் இருந்தான். அதன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. போடுங்க சேர் என்று அவன் சொல்லியிருப்பான், அவர் போட்டிருப்பார். அவன் முகத்தில் அந்த வெளிச்சம் பட்டது. நான் வந்ததையே அவன் காணவில்லை. விரல்கள் எழுத்துத் தேடித் தேடி அமுக்கின.

ஒருவன் உள்ளே வந்து, "எல்லாரையும் வரிசையில நிப்பாட்டும்" என்றான், அவரைப் பார்த்து.

"வரிசையா நில்லுங்க" என்றார் அவர். வகுப்பில் சொல்கிற அதே குரல். பொடியன்கள் நின்றார்கள். சேர் சொன்னால் நிற்பதற்குப் பழகிய பிள்ளைகள்.

சுதனையும் உயரமான இன்னொருவனையும் எடுத்தார்கள். நான் சுதனின் சட்டையைப் பிடித்தேன். தள்ளி விழுத்தினார்கள். "நீர் இதிலயே நில்லும்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார்கள். வேன் போனது.

கணினியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, ஒன்று, ஒன்று என்று திரை நிறைய ஒன்றுகள், கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தன. அவசரத்தில் கூட்டுவதை எழுத மறந்திருக்கிறான். எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியாது. வயரைப் பிடுங்கினேன்.

அக்கா இறால் பையோடு ஓடி வந்தாள். அவர் சுவரோரம் நின்றார். அவள் அவருடைய கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு தடவையும் அறைந்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. அவள் களைத்துப்போய்த் தரையில் இருந்துகொண்டு சொன்னாள்.

"நீதானே கூப்பிட்ட. நீயே போய்க் கூட்டிட்டு வா. என்ர பிள்ளை இல்லாம இந்தப் பக்கம் வராத."

அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். கிறவல் ரோட்டில் அந்த வேன் போன திசையில் நடந்து போனார்.

உயரமான பொடியனின் மாமனுக்கு ஆட்களைத் தெரியும். அந்தக் கிழமைக்குள் அவன் வீடு வந்துவிட்டான். எங்களுக்கு யாரையும் தெரியாது. பிள்ளைகளை வைத்திருந்த இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், உன்னிச்சைக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய நெல்லுக் களஞ்சியம். அதன் வாசலுக்கு எதிரே ஒரு மருத மரம். அதன் கீழ் தாய்மார் சோற்றுப் பார்சலோடு காலையில் வந்து இருப்பார்கள், பின்னேரம் எழும்பிப் போவார்கள். வாசலில் நிற்கிறவனுக்கு நல்ல மனம் வந்தால் பார்சல் உள்ளே போகும். பிள்ளைக்குப் போனதா, வேறு யாரும் தின்றார்களா என்று ஒரு தாய்க்கும் தெரியாது.

நானும் அக்காவும் முதல் நாள் போனபோது அவர் அங்கே இருந்தார், தாய்மாரின் நடுவில் ஒரேயொரு ஆம்பிளை. தாடி வளர்ந்திருந்தது. சட்டை அதே சட்டை. கழுத்துப் பொத்தான் பூட்டியே இருந்தது. அக்கா அவரைப் பார்க்காமல் மரத்தின் மறுபக்கம் போய் இருந்தாள்.

ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் எனக்குச் சொன்னார்: "இந்த மனிசன் ஆரு புள்ள? வாசல்ல நிக்கிறவன் வந்து 'எழும்பிப் போ' எண்டு உதைக்கிறான். எழும்பிப் போறார். அந்தக் களஞ்சியத்தை ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து திரும்ப இதிலயே இருக்கிறார். அவன் திரும்ப வந்து உதைக்கிறான். இவர் என்ன சொல்றார் தெரியுமா? 'போகச் சொன்னீங்க, போனன். வர வேணாம் எண்டு சொல்லல்ல' எண்டு."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மரத்தடியில் யாரும் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"வர வேணாம் எண்டும் சொல்லிட்டானுகளா?" என்று கேட்டேன்.

"சொன்னானுகள். அதுக்கு, 'என்னை இஞ்ச முதல்ல அனுப்பினது வேற ஆள்' எண்டுறார். பைத்தியம் எண்டு இப்ப விட்டுட்டானுகள்."

தாய்மார் அவரை வேலை வாங்கினார்கள். தண்ணி எடுத்துட்டு வாங்க, பாண் வாங்கிட்டு வாங்க, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க. எல்லாம் செய்தார். ஒருவருக்கும் அவர் யாருடைய பிள்ளைக்காக வந்திருக்கிறார் என்று தெரியாது. அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாய்மார் அவரைக் கிழித்திருப்பார்கள்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் போனபோது அவரைக் காணவில்லை. அடுத்த நாளும் இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் களஞ்சியமும் வெறுமையாகக் கிடந்தது. ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். எங்கே என்று சொல்ல யாரும் இல்லை.

"ஓடிட்டான் பாத்தியா" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு பின்னேரம் விளக்கு வைத்ததும் அவரைத் திட்டுவது அவளுடைய வழக்கம் ஆகிவிட்டது. முதலில் அவரை, பிறகு பொடியனைப் பிடித்தவர்களை. எனக்கு அது முறை மாறி இருப்பதாகத் தெரியும். ஆனால் பிடித்தவர்களுக்கு முகம் இல்லை. அவருக்கு முகம் இருந்தது. அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்.

கணினி நிலையத்துக்கு வேறு ஆள் வரவில்லை. கட்டித் தந்தவர்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தில் கொஞ்ச காலம் ஒருவர் நெல் மூட்டை அடுக்கினார்.

வடக்கில் எல்லாம் முடிந்தது என்று றேடியோ சொன்னது. மட்டக்களப்பில் பட்டாசு கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பொடியன்களை ஒருவர் இருவராக விட்டார்கள். ஒருநாள் மத்தியானம் சுதன் பஸ்ஸால் இறங்கித் தனியாக நடந்து வந்தான். அக்கா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலே இருந்துவிட்டாள். அவன் அழவில்லை. இடது காது கேட்கவில்லை. குளி என்றால் குளித்தான். படு என்றால் படுத்தான். ஒன்றுமே சொல்லாவிட்டால் கதவுக்குப் பக்கத்தில் சும்மா நின்றான். அந்த வாய்க்காரப் பொடியனை அவனுக்குள் தேடித் தேடி அக்கா களைத்துப்போனாள்.

பல நாட்களுக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது, அக்கா வழக்கம்போல அவரைப் பற்றி ஏதோ சொல்லித் திட்டினாள். சுதன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"அவர் ஓடல்ல அம்மா."

நாங்கள் இருவரும் அவனைப் பார்த்தோம்.

"ஒருநாள் அவரை உள்ளுக்குக் கூட்டிட்டு வந்தானுகள். என்னையும் கொண்டுபோய் முன்னால நிப்பாட்டினானுகள். பெரியவன் சொன்னான், 'இவனுக்குத்தானே வந்து கிடக்கிற? இவனை விடுறம். உன்ர வகுப்பில ரெண்டு பொடியனைக் கூட்டிட்டு வா' எண்டு."

அக்காவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"சேர் என்னைப் பாத்தார். பிறகு அவனைப் பாத்து, 'எதுக்கு?' எண்டு கேட்டார். அவனுக்கு விளங்கல்ல. 'என்னடா எதுக்கு?' எண்டான். 'அந்தப் பொடியன்கள் உங்களுக்கு எதுக்கு?' எண்டார். அவன் அடிச்சான். விழுந்து எழும்பித் திரும்பவும் அதையே கேட்டார். பிறகு, 'ஏலாது. கூப்பிடமாட்டன்' எண்டார்."

"பிறகு?" என்று நான் கேட்டேன்.

"பின்பக்கம் கூட்டிட்டுப் போனானுகள். என்னைத் திரும்ப அடைச்சுட்டானுகள். வெடிச் சத்தம் கேட்டது. அங்க எந்த நாளும் கேக்கிறதுதான். அதுக்குப் பிறகு நான் அவரைக் காணல்ல."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை வருடத் திட்டுக்கும் இப்போது ஏதாவது சொல்வாள், ஓர் ஐயோவாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவருக்கு ஐயோ சொல்ல வேறு யாரும் இல்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ரோட்டில் இருக்கிற தாய்மாரில் அவருடைய படத்தைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். சுதனுடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு துண்டு மீனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கத் தெரிஞ்சுதானே இருந்திருக்கு" என்றாள். "அதை அண்டைக்கு வெள்ளிக்கிழமை கேட்டிருக்கலாம்."

அவருக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. தேடினேன். இன்றுவரை கிடைக்கவில்லை.